முகாமின் கடைசி நாள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளிலுள்ள இளைஞரும் இளம்பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு சேவை முகாமுக்குப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. சிலர் மலையூர்களுக்குச் செல்கின்றனர். சிலர் கடலோரக் குப்பங்களுக்கு. சிலர் பிள்ளைகள் இல்லங்களுக்கு. பத்து நாள் அல்லது பதினைந்து நாள் அங்கே தங்கி, சிறுவருக்குக் கதையும் பாட்டும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, அவர்களோடு ஆடி ஓடி, தொண்டை கட்டி, முகம் கறுத்து வீடு திரும்புகின்றனர். திரும்பியபின் அவர்கள் எழுதித் தரும் அறிக்கைகளைப் படிக்கும் வாய்ப்பு நமக்குப் பலமுறை கிடைத்துள்ளது. புறப்பட்ட வரலாறு இரண்டு பக்கம் இருக்கும். பேருந்து பழுதானது, சோற்றில் உப்பு மிகுந்தது, முதல் நாள் பிள்ளைகள் கிட்டே வர அஞ்சியது எல்லாம் விரிவாக இருக்கும். முடிவில் 'கண்ணீர் மல்கப் பிரியாவிடை பெற்றோம்' என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் அடைபட்டுக் கிடக்கும் நாளைப் பற்றித்தான் இம்மாதம் நம் குடும்பங்களோடு பேச விழைகிறோம்.

முதல் நாளுக்காக நாம் என்னென்னவோ ஆயத்தம் செய்கிறோம். பயிற்சி வைக்கிறோம், பாட்டுப் புத்தகம் அச்சிடுகிறோம், பங்குத்தந்தை திருப்பலியில் தனியாக மன்றாடி ஆசி கூறி அனுப்புகிறார். கடைசி நாளுக்கென்று யாரும் எதையும் ஆயத்தம் செய்வதில்லை. அது தானே வந்து தானே போய்விடும் என்று எண்ணிவிடுகிறோம். பெரியவர்களுக்கு அது அப்படித்தான் போய்விடுகிறது. சிறுவர்களுக்கு எப்படிப் போகிறது என்பதே கேள்வி.

சவ்வாது மலையிலுள்ள சிற்றூர் ஒன்றில் நடந்த முகாமின் கடைசி நாளன்று நாம் உடனிருந்தோம். சாமையும் கேழ்வரகும் விளையும் ஊர். முற்றத்துக்கு முற்றம் பலா, ஊர்க்கோடியில் புளியமரங்கள். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, பேசுவதும் தமிழே. மலையில் வேலை இல்லாத மாதங்களில் பெற்றோர் பலர் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் கீழே இறங்கிப் போய்விடுகின்றனர். பிள்ளைகள் பாட்டியோடு இருப்பார்கள். ஆகவே ஒருவர் பையை எடுத்து வைத்தால் அதன் பொருள் என்ன என்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளைவிட நன்றாகவே தெரியும்.

விடியற்காலையிலேயே இளைஞர்கள் பரபரப்பாக இருந்தனர். மாலையில் கலைநிகழ்ச்சி, நண்பகலில் அனைவருக்கும் உணவு, இடையே பரிசளிப்பு. ஒருவர் வண்ணத்தாள் வெட்டினார். ஒருவர் ஒலிபெருக்கிக்காரரோடு கைப்பேசியில் வாதாடினார். இன்னொருவர் எண்பது எழுதுகோல் பெட்டிகளை எண்ணி எண்ணி, ஒவ்வொரு முறையும் எழுபத்தெட்டே வருகிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பத்து நாளும் பிள்ளைகள் சூழ இருந்தவர்களின் அருகே அன்று பிள்ளைகள் செல்ல இயலவில்லை. "அப்புறம் வா கண்ணு, அண்ணனுக்கு வேலை இருக்கு" என்ற சொல்லை அன்று முற்பகல் மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டோம். கடைசி நாளைக் கொண்டாட்டமாக்கும் வேகத்தில், அந்த நாள் யாருக்காகவோ அவர்களே அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தனர்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. முகாமின் முதல் நான்கு நாளும் வாய் திறவாதவள், ஐந்தாம் நாளிலிருந்து ஓர் இளம்பெண்ணின் துப்பட்டா நுனியைப் பிடித்தவள் பிடித்தபடி இருந்தாளாம். அன்று நிகழ்ச்சிக்கு அவள் வரவில்லை. பட்டாம்பூச்சி வேடத்துக்கு அவளுக்கென்று தைத்த இறகுகள் திண்ணையில் கிடந்தன. தேடிப் போனபோது புளியமரத்தடியில் கல்லை வைத்துக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வா பாப்பா, உன் பாட்டு வரப்போகுது" என்று அந்த இளம்பெண் அழைத்தாள். சிறுமி தலை நிமிராமலே, "நாளைக்கு யாரு அக்கா கதை சொல்வாங்க?" என்று கேட்டாள்.

இதற்கு விடை சொல்ல அந்த இளம்பெண்ணுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அருகில் நின்ற மற்றொருவர் இரக்க மிகுதியால் முந்திக்கொண்டு, "நாங்க அடுத்த மாசமே வந்துடுவோம்டா!" என்றார். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். நம்பியது போலவும் இருந்தது, நம்பாதது போலவும் இருந்தது அந்தப் பார்வை. அடுத்த மாதம் அவர்களுள் ஒருவரும் வரப்போவதில்லை. கல்லூரி திறந்துவிடும்.

அந்த ஒரு வாக்குறுதியைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்படுவானேன் என்று சிலர் வினவலாம். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பது நம்மிடையே நிலவும் பழைய ஆறுதல். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிஞர் சிலர் ஆராய்ந்துள்ளனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் நிலை குறித்து உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில், ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய உளமருத்துவர் 1951-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். நிலையாக ஒருவரோடு பிணைந்திருப்பது குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் அவருடைய உடன்பணியாளரான ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து மருத்துவர்களுக்குக் காட்டினார். பெற்றோர் எந்நேரமும் பிள்ளையின் அருகிருக்க மருத்துவமனைகள் ஒப்பாத காலம் அது. பிரிவில் குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பின்னர் சோர்ந்து அடங்குகிறது. அதன்பின் பற்று அறுந்தது போல் ஆகிவிடுகிறது என்று ராபர்ட்சன் விளக்கினார். அடங்கிவிட்ட குழந்தையைப் பார்த்து 'சமாதானமாகிவிட்டது' என்று செவிலியர் மகிழ்ந்ததுதான் அதிலுள்ள பெருந்துயரம்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. அதை மறந்தால் வீண் அச்சமே மிஞ்சும். புளியமரத்தடிச் சிறுமிக்கு இரவில் கூப்பிட்டு வைத்துச் சோறூட்டப் பாட்டி இருக்கிறாள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தாய் தந்தை வந்து சேர்வர். அத்தை இருக்கிறாள், ஊர் இருக்கிறது. பத்து நாள் வந்து போன அக்காவின் பிரிவு அவளுக்கு வருத்தம் தரும். இரண்டு நாள் முகம் தொங்கும். அவ்வருத்தம் நோயன்று. பிரிவை அறியாமல் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. சரியாக விடைபெற்றுச் சென்றவரின் நினைவு ஒரு பிள்ளைக்குச் செல்வமாகவும் கூடும். நம்மில் பலருக்குச் சிறுவயதில் ஒரே ஓர் ஆண்டு பாடம் நடத்திவிட்டு மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியரின் முகம் இன்னும் நினைவில் நிற்கவில்லையா?

பிள்ளைகள் இல்லங்களின் நிலை வேறு. அங்கே கடைசி நாள் ஆண்டுக்கு ஒருமுறை வருவதில்லை. இந்த மாதம் ஒரு கல்லூரி, அடுத்த மாதம் ஒரு நிறுவனம், கிறிஸ்துமசை ஒட்டி நாலைந்து பங்குகள், வெளிநாட்டிலிருந்து இரண்டு குழுக்கள் என்று வந்தவண்ணம் இருக்கின்றனர். ஒவ்வொரு குழுவும் அன்பு காட்டுகிறது, ஒவ்வொரு குழுவும் அழுகிறது, ஒவ்வொரு குழுவும் போய்விடுகிறது. இல்லத்தினுள் காலடி வைத்ததும் முன்பின் அறியாத சிறுவன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வதைக் கண்டு, 'எவ்வளவு பாசமான பிள்ளைகள்!' என்று நாம் உருகுகிறோம். உண்மையில் அது நம்மைக் கலங்கவைக்க வேண்டிய காட்சி. வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை அயலாரைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். யாரிடம் வேண்டுமானாலும் ஓடும் பிள்ளை, தனக்கென்று ஒருவர் இல்லாத பிள்ளையாக இருக்கக்கூடும். ருமேனிய நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி ஓர் ஆராய்ச்சி நடந்தது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் 68 பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். குடும்பங்களுக்குச் சென்றவர்கள் அறிவிலும் பிணைப்பிலும் மற்றவர்களைவிடத் தேறியிருந்தனர். இரண்டு வயதுக்குள் சென்றவர்களிடம் அத்தேர்ச்சி மிகுதியாகத் தெரிந்தது.

2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பெற்றோர் பராமரிப்பற்ற குழந்தைகளைக் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அநாதை இல்லங்களுக்குத் தன்னார்வலராகச் சென்று வருவதால் விளையும் கேடுகளையும் அது சுட்டிக்காட்டியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, நம் திருச்சபையைச் சார்ந்த அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து, பிள்ளைகளை இல்லங்களில் வைப்பதற்குப் பதிலாகக் குடும்பங்களில் வாழவைக்கும் முயற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் பிள்ளையை இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது. இல்லங்களை நடத்தும் நம் அருட்சகோதரிகள் பலரும் இதை நம்மைவிட நன்கு அறிவர். வருகிறவர்களைத் தடுத்தால் நன்கொடை நின்றுவிடுமே என்ற தவிப்பு அவர்களுக்கு. அத்தவிப்பைத் தீர்க்க வேண்டியவர்கள் நாமே. பிள்ளைகளைக் காணாமலே கொடுக்கக் கற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பிறந்தநாள் அணிச்சலை இல்லத்துக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாடச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் எழுதலாம். அது வேறொரு மாதத்துக்கு இருக்கட்டும்.

அப்படியானால் யாருமே எங்குமே போகவேண்டாமா? இவ்வினாவை நமக்கு முன்பே ஒருவர் மிகக் கடுமையாகக் கேட்டிருக்கிறார். குருவாக இருந்த இவான் இலிச், மெக்சிகோவிலுள்ள குவெர்னவாக்கா நகரில் ஒரு மையம் நடத்தி வந்தார். கோடை விடுமுறையில் மெக்சிகோ சிற்றூர்களுக்குத் தொண்டாற்றப் போகவிருந்த வட அமெரிக்க மாணவர்களை 1968-இல் அவர் முகத்துக்கு நேரே கண்டித்தார். உங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுடைய வாழ்வு தெரியாது, நீங்கள் செய்வதன் விளைவைக் காணவும் இருக்க மாட்டீர்கள், வேண்டுமானால் சுற்றிப் பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் கருத்து. விருந்துக்கு அழைத்தவர்களே விருந்தாளியிடம் அடிபட்ட கதை! இருப்பினும் அவர் சொன்னதில் ஒன்று நம் நெஞ்சில் தைக்கிறது: விளைவைக் காண இருக்க மாட்டீர்கள் என்பது. கடைசி நாளின் குறை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. ஆயினும் அவர் கூறிய முடிவை நாம் அப்படியே ஏற்க மாட்டோம். நம் பிள்ளைகள் மலைமேல் ஏறும்போது வேற்று நாட்டுக்குப் போகவில்லை. அதே மொழி பேசும் அண்டை வீட்டாரிடம் போகின்றனர். அடுத்த ஆண்டும் போகலாம், அதற்கடுத்த ஆண்டும் போகலாம். போகத்தான் வேண்டும். போய்வரும் முறையைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

முறைக்கு மெக்சிகோ வரை போகத் தேவையில்லை. நம் கடற்கரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து சிறுவரைக் கூட்டியதும், தமிழறிந்தோர் உதவியால் மொழிபெயர்த்த மன்றாட்டுகளைத் தாம் மனப்பாடம் செய்து அவர்களுக்குக் கற்பித்ததும், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பணித்ததும் அவர் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் காணக் கிடக்கின்றன. நோயாளிகள் பலர் அழைக்க, எல்லார் வீட்டுக்கும் போக இயலாமல் தமக்குப் பதிலாகச் சிறுவர்களையே செபிக்க அனுப்பியதாகவும் எழுதுகிறார். ஒரு சிற்றூரில் அவர் தங்கியது சில நாட்களே. அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஆகவே கடைசி நாள் என்பது அவருக்கு அடிக்கடி வந்தது.

அவர் புறப்படுமுன் செய்தது என்ன? மன்றாட்டுகளின் படி ஒன்றை ஊரில் விட்டுச் சென்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு அதைப் படியெடுத்து மனப்பாடம் செய்யச் செய்தார். அவ்வூரைச் சேர்ந்த ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக அமர்த்திப் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்ததோடு நில்லாமல் அவருடைய கூலிக்கும் வழி செய்தார். கரையோர மக்கள் போர்த்துக்கீசிய அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் செலுத்தி வந்த 4,000 பொன் பணத்தை இவ்வாசிரியர்களின் ஊதியத்துக்கு விட்டுக்கொடுக்குமாறு அரசியிடம் வேண்டிப் பெற்றார். தம் தோழர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய மடல்களில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றிய கவலை திரும்பத் திரும்ப வருகிறது. போனபின்னும் அந்தக் கடைசி நாளை அவர் முடித்துவிடவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. அவர் போனபின் வந்த ஆண்டிரிக் அடிகளார், அதாவது என்றிக்கே என்றீக்கசு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இக்கரையில் உழைத்தார். தமிழை முறையாகக் கற்று இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறச் செய்தார். 1600-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். போகிறவருக்குப் பின்னே தங்குகிறவர் ஒருவர் இருந்ததால்தான் போனவரின் உழைப்பும் நிலைத்தது.

சவேரியாரின் கணக்கப்பிள்ளைக்கு இணையானவர் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்துவிட்டுத் திருமணமாகி அவ்வூரிலேயே இருக்கும் இளம்பெண், அங்கன்வாடிப் பணியாளர், சில ஊர்களில் உபதேசியார். கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இத்தகைய உள்ளூர்த் தன்னார்வலர்களையே நம்பி நடந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தவர்கள் அவர்கள். நம் முகாமினர் ஓர் ஊருக்குப் போனவுடன் முதலில் தேட வேண்டியது இவரைத்தான். முகாமின் நடுநாளிலிருந்தே கதை சொல்லும் வேலையை மெல்ல மெல்ல இவர் கைக்கு மாற்ற வேண்டும். கடைசி நாளன்று கதை சொல்பவர் நம் அக்காவாக இருக்கலாகாது. ஊர் அக்காவாக இருக்க வேண்டும். நம்மவர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து கேட்கட்டும். 'நாளைக்கு யாரு கதை சொல்வாங்க?' என்ற கேள்விக்கு அப்போது விடை கண்முன்னே உட்கார்ந்திருக்கும்.

பிரிவைச் சொல்லும் நாளும் கடைசி நாளன்று, முதல் நாளே. எத்தனை நாள் இருப்போம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும் வகையில் சொல்லிவிட வேண்டும். சுவரில் பத்துக் கட்டம் வரைந்து, நாளுக்கு ஒரு கட்டமாகப் பிள்ளைகளையே வண்ணமிடச் செய்யலாம். அந்த மலையூரிலேயே அடுத்த ஆண்டு ஒரு குழு இப்படிச் செய்தது. கடைசிக் கட்டத்துக்கு எந்த வண்ணம் என்பதில் பெரும் சண்டை மூண்டு, ஏழு வண்ணமும் பூசப்பட்டுக் கறுப்பாகிவிட்டதாம்! ஆயினும் அன்று காலை எந்தப் பிள்ளையும் திடுக்கிடவில்லை. போகும் நாளை மறைத்து வைத்துவிட்டுப் பிள்ளை உறங்கும்போது நழுவுவது நம் வீடுகளிலும் உள்ள பழக்கமே. வேலைக்குப் போகும் தாய் கொல்லைப்புறமாகப் போய்விடுகிறாள். அழுகையைக் காண அவளுக்குத் தாளவில்லை. எழுந்த பிள்ளையோ, இனிக் கண்ணை மூடினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று கற்றுக்கொள்கிறது. சொல்லிவிட்டுப் போனால் அழும், அழட்டும். அழுத பிள்ளையைத் தேற்றலாம்.

வாக்குறுதியைப் பற்றி முன்பே கூறினோம். நிறைவேற்றக்கூடியது எதுவோ அதை மட்டும் சொல்ல வேண்டும். 'அடுத்த கோடையில் எங்கள் பங்கிலிருந்து சிலர் வருவார்கள், அவர்களுள் நான் இருப்பேனோ தெரியாது' என்பது கேட்க இனிமையாக இராது, ஆனால் பொய்யில்லை. தனிப்பட்ட கைப்பேசி எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் தகாது. முதல் வாரம் நாளுக்கு ஐந்து அழைப்பு வரும், மகிழ்வோடு பேசுவோம். மூன்றாம் வாரம் எடுக்கமாட்டோம். எடுக்கப்படாத அழைப்பை அந்தப் பிள்ளை எப்படி எண்ணிப் பார்க்கும்? இதில் பிள்ளைகளின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு பிறரறியாத் தனித்தொடர்பு வைத்துக்கொள்ள வழி இருக்கலாகாது என்பதில் இன்று திருச்சபையும் உறுதியாக இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் சிறார் பாதுகாப்புக்கென ஓர் ஆணையத்தையே ஏற்படுத்தினார். கடிதமோ அழைப்போ எதுவாயினும் ஊர் அக்காவின் வழியாக, எல்லாருக்கும் பொதுவாக, பலரும் அறிய நடக்கட்டும்.

நிழற்படத்தைப் பற்றி நம் இளைஞர்களிடம் பேசினால் கோபம் வரும், வரட்டும். கடைசி நாளில்தான் படங்கள் மிகுதியாக எடுக்கப்படுகின்றன. அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படம். அது அன்றிரவே உலகமெல்லாம் சுற்றிவிடுகிறது. பராமரிப்பு இல்லத்துப் பிள்ளையின் அடையாளம் தெரியுமாறு படம் வெளியிடுவது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஊர்ப் பிள்ளைக்கு அப்பிரிவு பொருந்தாமல் போகலாம், மரியாதை பொருந்தும். நம் வீட்டுப் பிள்ளை மூக்கு ஒழுக அழும் படத்தை முகமறியாத ஒருவர் வெளியிட்டால் நாம் சும்மா இருப்போமா? அனைவரும் சிரித்தபடி நிற்கும் ஒரே ஒரு படத்தைப் பெற்றோரின் ஒப்புதலோடு எடுத்து, அச்சிட்டு, வீட்டுக்கு ஒரு படி அனுப்பி வைத்தால் அதைச் சாமி படத்தின் அருகே மாட்டி வைப்பார்கள்.

பரிசுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுதுகோல் பெட்டி எண்பது வேண்டும் என்றால் எண்பத்தைந்து வாங்குக.

இனி, வீடு திரும்பும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குச் சில சொற்கள். கடைசி நாளின் மற்றொரு பாதி நம் வீட்டில்தான் நடக்கிறது. மலையிலிருந்து வந்த மகன் இரண்டு நாள் பேசாமல் இருப்பான். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் தங்கையைக் கடிந்துகொள்வான். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுப்பான். 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று தந்தை சிரித்துவிடுகிறார். 'போதும்பா உன் சேவை, இனி நுழைவுத்தேர்வைப் பாரு' என்று தாய் புத்தகத்தை எடுத்து வைக்கிறாள். இரண்டும் இயல்பே, ஆனால் முதல் இரவாவது அவனைப் பேசவிட்டுக் கேட்கலாம். அந்தச் சிறுமியைப் பற்றி அவன் மகள் சொன்னாள், மகன் சொன்னான் என்று நாளை பக்கத்து வீட்டில் பெருமை பேசுவதற்காக அன்று. அவன் கண்டதில் எது அவனை உறுத்துகிறது என்று அறிவதற்காக. 'நாங்க போனதுனால அங்க என்ன மாறிடுச்சு?' என்று அவன் கேட்டால் உடனே சமாதானம் சொல்லிவிட வேண்டாம். அந்த வினாவோடு அவன் சில காலம் இருக்கட்டும். இலிச் கேட்டதும் அதே வினாதான். நம் மகனிடம் அது சற்று மென்மையாக வந்திருக்கிறது.

பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். முகாம் முடிந்த மறு ஞாயிறு திருப்பலியில் அவர்களைப் பீடத்தருகே நிறுத்திக் கைதட்டச் செய்வதோடு நின்றுவிடாமல், மூன்று மாதம் கழித்து ஒரு மாலை அவர்களை மீண்டும் கூட்டுங்கள். அந்த ஊரிலிருந்து என்ன செய்தி வந்திருக்கிறது, ஊர் அக்காவுக்கு என்ன தேவை, அவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வின்சென்ட் தே பவுல் சபை வழியாகவோ இளைஞர் இயக்கத்தின் வழியாகவோ அனுப்ப இயலுமா என்று பேசுங்கள். அரசியின் காலணிப் பணத்துக்கு இணையானது ஒவ்வொரு பங்கிலும் ஏதேனும் ஒன்று இருக்கவே செய்யும். திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையை நாம் சொல்லவில்லை. நீங்களே நினைத்துக்கொண்டால் அது எம் குற்றமன்று.

வண்ணக் கட்டம் வரைந்த குழுவினர் அப்படி ஒருமுறை கூடினர். மலையூரில் கதை சொல்லும் பொறுப்பை ஏற்றிருந்த இளம்பெண் ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். மாலையில் பதினெட்டுப் பிள்ளைகள் வருகின்றனராம். மழை நாளில் பதினொன்று. பட்டாம்பூச்சி இறகை உடுத்த மறுத்த சிறுமி இப்போது மூன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குப் படம் பார்த்துத் தானே கதை கட்டிச் சொல்கிறாளாம். கதை முடியவே மாட்டேன் என்கிறதாம். சுண்ணக்கட்டி இரண்டு பெட்டி வேண்டும், பெரிய எழுத்தில் உள்ள கதைப் புத்தகங்கள் வேண்டும், மின்சாரம் அடிக்கடி போவதால் ஒரு மின்கல விளக்கு வேண்டும் என்று எழுதியிருந்தாள். முடிவில், ஆட்கள் இப்போது வரவேண்டாம், சாமை அறுப்புக்கு எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவோம், அறுப்பு முடிந்தபின் வாருங்கள் என்று குறித்திருந்தாள்.